ஆறாம் தளத்துக் குரல்

ஊர் ஜனங்கள் பயந்து செத்த கதையைச் சனிக்கிழமை காலையில் சாவகாசமாகப் படித்துச் சிரிப்பது அந்த வீட்டு வழக்கம். வெள்ளிக்கிழமை மாலை ‘ஆறாம் தளம்’ ஒலி நாடகத்தின் புதுப் பகுதி வெளியாகும். அதைக் காதில் மாட்டிக்கொண்டு படுத்தவர்கள் தூக்கம் கெட்டு, விடிவதற்குள் கருத்துகளாக எழுதித் தள்ளிவிடுவார்கள். சமையலறை மேஜையில் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, நாடகத்தை எழுதும் கதைக்காரி அவற்றைப் படிப்பாள். அவள் கணவரும் நாத்தனாரும் காபியோடு கேட்பார்கள்.

“‘லாரி ஓட்டிக்கிட்டே கேட்டேன். பின்னாடி ஏத்தியிருந்த பீரோ கதவு தானாத் தட்டுச்சு. வண்டிய பெட்ரோல் பங்க்ல ஓரங்கட்டிட்டு உக்காந்திருக்கேன். வெளிச்சம் வந்தாத்தான் எடுப்பேன்.’”

“பாவம், அந்த பீரோவுக்காகக் காத்திருக்கிறவங்க,” என்றாள் நாத்தனார்.

“‘தைரியசாலின்னு நெனச்சுத்தான் இவரைக் கட்டிக்கிட்டேன். நேத்து பாத்ரூமுக்குத் துணைக்குக் கூப்பிடறாரு. உங்க மேல கேஸ் போட முடியுமா?’”

“போடட்டும். அந்த ஆளையே சாட்சிக்குக் கூப்பிடலாம்,” என்றாள் நாத்தனார் மறுபடி.

“இந்தா, நம்ம வாடிக்கைத் தைரியசாலி வந்துட்டாரு. ‘எனக்கு இதெல்லாம் பயமே இல்லை’ன்னு இந்த வாரமும் ஒரு முழ நீளத்துக்கு எழுதியிருக்காரு. ராத்திரி எத்தனை மணிக்கு எழுதியிருக்காருன்னு பாருங்க, ஆந்தைகூடத் தூங்கற நேரம்.”

யார் எப்படித் தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள். அந்தக் குரல். அதை எந்த மென்பொருளில் செய்தீர்கள்? எங்கே கிடைக்கும்? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கணவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். ஏனென்றால் அந்த மென்பொருள் அவர்தான்.

கதை இதுதான். கோள்களுக்கு நடுவே கனிமம் ஏற்றிப் போகும் ஒரு கப்பல். அதற்கு இருப்பது ஐந்தே தளம். ஒருநாள் மின்தூக்கி ஆறாம் தளத்தில் போய் நிற்கிறது. வெளியே எதுவோ “கதவைத் திற” என்கிறது. மூச்சு இல்லாத, ஏற்ற இறக்கம் இல்லாத, இரும்புக் குழாய்க்குள் வண்டு உருள்வதைப் போன்ற குரல். திறந்தவன் திரும்பி வருவான். அதே முகம், அதே நடை. வாயைத் திறந்தால் மட்டும் அந்தக் குரல் வரும். அப்படி ஒவ்வொருவராகக் கப்பலில் எல்லோரும் ‘அது’ ஆகிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு பொறியாளர்ப் பெண்.

கதைக்காரிக்குப் பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்மேஜையில் உட்கார்ந்து, “இதுல தெளிவாத் தெரியுதா, அதுல தெளிவாத் தெரியுதா?” என்று நாள் முழுக்கக் கேட்க வேண்டும். அதையே வருஷக்கணக்காகக் கேட்டால் ஒருத்திக்குப் பேய்க்கதை எழுதத் தோன்றாமல் என்ன செய்யும்? நாத்தனாருக்கு ஒலிகளை வெட்டி ஒட்டத் தெரியும். கணவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். அவர் அறிவித்தால் தாமதமாக வரும் ரயில்கூட மரியாதையாக வருவதாகத் தோன்றும் என்று பயணிகள் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனிதருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். பேச வேண்டுமென்றால் சின்ன டார்ச் விளக்கு அளவில் ஒரு கருவியைத் தாடைக்குக் கீழே அழுத்திப் பிடித்து, பொத்தானை அமுக்கிக்கொண்டு உதட்டை அசைக்க வேண்டும்.

பேசிப் பார்த்தார். தண்ணீர் வாரியத்துக்கு ஃபோன் செய்தார், “ஏதோ மெஷின் பேசுதுடி” என்று எதிர்முனையில் ஒருத்தி வைத்துவிட்டாள். மருந்துக் கடையில் வாயைத் திறந்தார், வரிசையில் நின்ற அத்தனை தலைகளும் திரும்பின. அன்றோடு சரி. வீட்டு வாசலைத் தாண்டினால் வாய்க்குப் பூட்டு. கழுத்தைச் சுற்றி ஒரு துணி, கையில் கைபேசி, அதில் எழுதிக் காட்டுவார். வீட்டுக்குள்ளும் பேச்சு தேய்ந்துகொண்டே வந்தது. கதைக்காரி அவரிடம் கத்திப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். சுவரோடு பேசுவதற்கு இது எவ்வளவோ மேல் என்று சொல்லும்படியாகக்கூட அவர் பதில் சொல்லவில்லை.

அப்போதுதான் நாடகம் ஆரம்பித்தது. படுக்கையறைத் துணி அலமாரிதான் ஒலிப்பதிவுக் கூடம். ரஜாய்ப் போர்வைகளுக்கு நடுவே ஒலிவாங்கி, அதற்கு முன்னால் ஒரு முக்காலி. ‘அது’வுக்குக் குரல் கொடுக்க வந்த நடிகர் என்ன செய்தாலும் வயிற்றுவலிக்காரர் மாதிரியே இருந்தது. நாத்தனார் அதில் எதிரொலியைச் சேர்த்தாள், வயிற்றுவலி பெரிதாயிற்று. ஒருநாள் பெண்கள் இரண்டு பேரும் படுக்கையறையை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பதிவில் இருந்தபோது, துண்டு எடுக்க வந்த கணவர் வெளியே நின்று கருவியை அழுத்தி, “கதவைத் திற” என்றார். நாத்தனார் தன் அண்ணன் என்று தெரிந்தும் முக்காலியிலிருந்து விழுந்தாள்.

அதைப் பார்த்து அவர் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அந்தத் தோள் குலுங்கலுக்காகவே கதைக்காரி ‘அது’வுக்கு வசனத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். ஒரு சின்ன எதிரொலிகூடச் சேர்க்காமல் அவர் குரலை அப்படியே பதிந்தார்கள். வசனம் கூடக்கூட, சாப்பாட்டு நேரத்தில் உப்பு குறைவு என்று சொல்லும் அளவுக்குப் பேச ஆரம்பித்தார். பெயர் மட்டும் போடக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். “கருவின்னு போடு. அதுதானே பேசுது,” என்றார். மூன்று பேருக்கும் அது நல்ல வேடிக்கையாகத் தோன்றியது. நடிகர் வரிசையில் கடைசியாக ‘குரல்: கருவி’ என்று சேர்த்துவிட்டார்கள். தினம் தினம் அந்தக் குரலில்தான் வீட்டில் பால் வாங்கி வரச் சொல்கிறார். அது வெளியே யாருக்கு எப்படிக் கேட்கும் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இறுதிப் பகுதிக்கு முந்தையது வெளியான மறுநாள், சனிக்கிழமை மதியம், கண்ணாடிக் கடையின் பின்னறையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டே கதைக்காரி புதிதாக வந்த ஒரு குரல்செய்தியைத் தட்டினாள். அறையில் ‘அது’ பேசியது.

லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த தொழிலாளி துள்ளி எழுந்தார். “ஐயோ, உங்க பேய் கடைக்கே வந்துடுச்சாம்மா!”

ரசிகர் யாரோ மிமிக்ரி செய்கிறார் என்றுதான் அவளும் நினைத்தாள். நன்றாகவும் செய்கிறாரே என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

“வணக்கம்மா. இது கிண்டல் இல்ல. என் குரலே இதுதான். நான் துணி தைக்கறவ. தொண்டையில ஆபரேஷன் ஆச்சு. மெஷின் வெச்சுத்தான் பேசறேன். உங்க கதைய நானும் கேட்டேன், நல்லாத்தான் இருக்கு, எனக்கே பயமா இருந்துச்சு. ஆனா என் தங்கச்சி வீட்டுல என் பையனும் கேட்டுட்டான். அஞ்சு வயசு. ‘ஆஸ்பத்திரிக்குப் போனது அம்மா, திரும்பி வந்தது அது’ங்கறான். நான் பேச ஆரம்பிச்சாக் காதைப் பொத்திக்கறான். தங்கச்சி பக்கத்துலதான் படுக்கறான். நீங்க அந்தக் குரலைக் கம்ப்யூட்டர்ல செஞ்சதுதானே? எப்படிச் செஞ்சீங்கன்னு அவனுக்கு ஒரு தடவை காட்டுங்கம்மா. பொய்க் குரல்னு தெரிஞ்சா ஒருவேளை எங்கிட்ட வருவான்.”

கதைக்காரி சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. தன் வீட்டு மனிதரின் குரலைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, இன்னொரு வீட்டில் ஒரு தாயைப் பிள்ளையிடமிருந்து பிரித்துவிட்டாள். அதுவும் எவ்வளவு கச்சிதமாக! ஆஸ்பத்திரிக்குப் போய்க் குரல் மாறி வந்தவளைப் பற்றி அந்தப் பிள்ளை வேறு என்னதான் நினைப்பான்? கதையை அவன் ஒழுங்காகக் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

மாலையில் நாத்தனார் செய்தியைக் கேட்டுவிட்டு முகம் வெளுத்தாள். “அண்ணி, அண்ணாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இப்பத்தான் நாலு வார்த்தை பேசறாரு. இதைக் கேட்டா மறுபடி வாயைக் கட்டிக்குவாரு. அந்தம்மாவுக்கு நான் ஏதாவது மென்பொருளைக் காட்டி வீடியோ பண்ணி அனுப்பிடறேன்.”

“பொய் சொல்லி அனுப்பவா?”

“அவங்களே அதைத்தானே கேக்கறாங்க!”

கதைக்காரிக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. ஒரு வீடியோ, இரண்டு பொத்தான், வேலை முடிந்தது. கணவருக்கும் எதுவும் தெரியாது, சனிக்கிழமைக் காபியும் தொடரும். ஆனால் பொய்க் குரல் என்று அந்தப் பையனிடம் சொன்னால், அவன் அம்மாவின் குரலும் பொய் என்றுதானே ஆகும்? இதை மறைத்து வைத்துக்கொண்டு, நாளைக்கு எந்த முகத்தோடு கணவரை அலமாரிக்குள் கூப்பிட்டு “பயமுறுத்துங்க” என்று சொல்வது? வெட்டு ஒன்று துண்டு இரண்டாக முடிவு செய்துவிட்டாள். “அவர் குரல் விஷயம். அவருக்குத் தெரியாம நாம தீர்க்கறதுக்கு நாம யாரு?” என்றாள்.

கணவர் குரல்செய்தியை இரண்டு முறை கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்து போய், பழைய பேட்டரிகளும் திருப்புளியும் கிடக்கும் மேஜை இழுப்பறையில் கருவியைப் போட்டு மூடினார். அன்று இரவு சாப்பாட்டில் உப்பு கூடுதலா குறைவா என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை இறுதிப் பகுதிக்கான பதிவு. கதைக்காரி குளிர்சாதனப் பெட்டியை அணைத்தாள், ஜன்னல்களை மூடினாள், ரஜாயைத் தொங்கவிட்டாள். கணவர் கூடத்தில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கைபேசியில் ‘நான் வரல’ என்று எழுதிக் காட்டினார். வீட்டுக்குள் அவர் எழுதிக் காட்டியது அதுதான் முதல் தடவை.

நாத்தனார் அவர் குரலுக்குப் பதிலாக ஒரு மென்பொருளை ஓடவிட்டுப் பார்த்தாள். “கதவைத் திற” என்றது அது.

“ஜலதோஷம் பிடிச்ச பேயா?” என்றாள் கதைக்காரி.

“வேற வழி என்ன அண்ணி? எல்லாரும் ‘அதைக் கொல்லு, எப்படியாவது கொல்லு’ன்னு எழுதியிருக்காங்க. வெள்ளிக்கிழமை ஒண்ணும் வரலன்னா நம்மளைக் கொன்னுடுவாங்க.”

“வெள்ளிக்கிழமை கிடக்கட்டும். முதல்ல இன்னிக்கு ஒரு வேலை இருக்கு.”

அவள் கூடத்துக்குப் போனாள். ஜன்னலுக்கும் கணவருக்கும் நடுவே போய் நின்றாள், அவர் எங்கே பார்க்கிறார் என்ற கேள்விக்கே இடமில்லாதபடி.

“நான் உங்களைக் கெஞ்ச வரல. பதிவுக்குக் கூப்பிடவும் வரல. அந்தத் தையல்காரம்மாவுக்கு உண்மையை எழுதிட்டேன். மெஷின் இல்ல, என் வீட்டுக்காரர்னு. வீடியோல கூப்பிடறேன்னு சொல்லியிருக்கேன். காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க பேசலன்னா நான்தான் பேசணும். ஆனா என் குரல் அந்தப் பையனுக்கு எதுக்குங்க? அவன் வீட்டுல இருக்கிறது உங்க குரல்.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வந்தது, தெரிந்தது. கழுத்துத் துணி வேகமாக ஏறி இறங்கியது. பிறகு எழுந்து போய் மேஜை இழுப்பறையைத் திறந்தார். திருப்புளிகள் உருண்டன.

“கதைய மாத்திடாதே,” என்றார் கருவியை அழுத்தி. “பேயை நல்லவனாக்கி அழ வெச்சா எவனும் கேக்கமாட்டான். அது சாகட்டும். நான் நல்லாவே செத்துக் காட்டறேன்.”

“சரி.”

“கருவின்னு போட்டதை எடு. என் பேரைப் போடு. ரயில்வேயில இருந்தவன்னும் போடு.”

“சரிங்க.”

“ஃபோனைப் போடு.”

திரையில் முதலில் ஒரு தையல் இயந்திரம் தெரிந்தது, பிறகு கழுத்தில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு பெண். அவள் பின்னால், கதவோரத்தில், சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பையன். விடுமுறை நாளின் கலைந்த தலை. திரைக்குக் கிட்டே வருவதாக இல்லை.

“வணக்கம்,” என்றார் கணவர். ஆபரேஷனுக்குப் பிறகு வெளியாளிடம் முழுதாகச் சொல்லி முடித்த முதல் வார்த்தை. “கதையில பேசினவன் நான்தான்.”

பையன் காதைப் பொத்தினான். பொத்தியபடியே கத்தினான்: “எங்கம்மாவை விடு!”

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். கதைக்காரி திரைக்கு முன்னால் நகர்ந்தாள். ஏதாவது சொல்ல வாயெடுத்தாள். கணவர் வேண்டாம் என்று கை காட்டினார்.

“உங்கம்மாவை நான் பிடிக்கல தம்பி. எனக்குத் தொண்டையில நோவு வந்துச்சு. டாக்டர் வெட்டி எடுத்தாரு. அம்மாவுக்கும் அதேதான்.”

“பொய்! அதுவும் இப்படித்தான் நல்லவன் மாதிரிப் பேசும்!”

பேசும்தான். மூன்றாவது பகுதியில் கதைக்காரியே பெருமையோடு எழுதிய கட்டம் அது. தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

கணவர் கழுத்துத் துணியின் முடிச்சை அவிழ்த்தார். மருத்துவரையும் மனைவியையும் தவிர யாரும் பார்க்காத துளை அது. நாத்தனார்கூடப் பார்த்ததில்லை. அவள் அறைக் கதவில் சாய்ந்து உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள். அவர் கைபேசியைக் கிட்டே கொண்டுபோனார்.

“மூச்சு இது வழியா விடறேன். பேச்சு இதுல வருது.” கருவியைத் தூக்கிக் காட்டினார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு உதட்டை மட்டும் அசைத்தார். ஒரு சத்தமும் வரவில்லை. மறுபடி எடுத்து அழுத்தினார். “பாத்தியா?”

பையன் காதிலிருந்து கையை எடுத்திருந்தான். பயம் போய்விடவில்லை, விசாரணை ஆரம்பித்திருந்தது. “எனக்குத் தெரியும். அம்மாகிட்டயும் அந்த மெஷின் இருக்கு. அதுக்குள்ளதான் ‘அது’ இருக்கு.”

கதைக்காரி கணவரைப் பார்த்தாள்.

“அப்படியா? அப்ப அம்மாவை அதைக் கீழ வைக்கச் சொல்லு. இனிமே நானும் பேசமாட்டேன். அது இல்லாம அம்மாகிட்ட நீயே கேளு, அம்மாதானான்னு.”

அவர் தன் கருவியை மேஜையில் வைத்தார். அந்தப் பக்கம் தையல்காரியும் தன்னுடையதை இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு, நாற்காலியைப் பாதி திருப்பிப் பிள்ளையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

பையன் சித்தியின் கையை விடாமல் ஓரடி முன்னே வந்தான். “நீ யாரு?”

தையல்காரியின் உதடு அசைந்தது. பையன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். புரியவில்லை என்றான். அவள் மறுபடி, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக அசைத்தாள். கூடவே ஆள்காட்டி விரலைப் பல்லுக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினாள்.

பையன் முகம் மாறியது. பார்வை தரைக்குப் போனது.

“தேய்ச்சேனே.”

அவள் புருவத்தை உயர்த்தினாள்.

“தேய்ச்சேம்மா.”

அவள் புருவம் இறங்கவில்லை.

“சரி, தேய்க்கல,” என்றான் பையன். சொல்லும்போதே உதடு பிதுங்கிக்கொண்டு வந்தது. சித்தியின் கையை உதறிவிட்டு ஓடிவந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தான். அவள் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை, அவர்களுக்குத் தங்கள் கண்ணைத் துடைக்கவே சரியாக இருந்தது. வெகுநேரம் கழித்துப் பையன் நிமிர்ந்தான். மடியில் உட்கார்ந்தபடியே எட்டி, தையல் இயந்திரத்தின் மேலிருந்த கருவியை எடுத்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். பிறகு அம்மாவின் கழுத்துத் துணியை விலக்கி, அவள் தாடைக்குக் கீழே அதைத் தானே அழுத்திப் பிடித்தான்.

“இப்பத் திட்டு,” என்றான்.